முரம்பு நிலத்துக்கு இரண்டு மூட்டை வேர்ப்பூஞ்சை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மூட்டையில் கட்டி, அது உயிரோடு இருக்கிறது என்று சத்தியம் செய்து விற்பதுதான் என் தொழில். இன்சூரன்ஸ் விற்கிறவர்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்கிறவர்கள், டியூஷன் சென்டருக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நிமிஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் விற்கிற பொருளில் வளர்ந்த எதையும் மாடு தின்னாது. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. விவசாய டிப்ளமா முடித்துவிட்டு, ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் நடக்கும் சின்னக் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் தயாரிப்பது வேர்ப்பூஞ்சை. பயிரின் வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் மெல்லிய நூல் விட்டு, அங்கே கிடக்கிற பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்தையும் ஈரத்தையும் பயிருக்கு இழுத்துக் கொடுக்கும் நல்ல பூஞ்சை. சத்தில்லாத நிலத்தில்தான் அதன் அருமை தெரியும். சத்தில்லாத நிலம் வைத்திருக்கிறவர்களிடம்தான் நான் போக வேண்டும். அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அந்த ஒரு வார்த்தை

சேர்ந்த முதல் மாதம். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டு முன்னால் ஒரு அம்மா ராகி காயவைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆரம்பித்தேன். "அம்மா, இது பூஞ்சை." அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர்தான் பேசினார். ராகியைக் கிளறிக்கொண்டிருந்த பலகையை அப்படியே கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தார்கள். நான் ஸ்கூட்டரைத் திருப்பவும் மறந்து நின்றேன்.

"எங்க ராகிக்குப் பூஞ்சை வந்து போன வருஷம் பாதி போச்சு, நீ அதையே மூட்டை கட்டிக்கினு வந்து வாங்கிக்கோன்றியே, உங்க வீட்டுல யாரும் உன்னைக் கேக்கலையா?"

வேனில் வெந்த மூட்டைகள்

பூஞ்சையைத் தயார் செய்கிறவர் நாகராஜ். அத்திப்பள்ளிக்காரர், கன்னடம்தான் வீட்டு மொழி, தினமும் பஸ் பிடித்து எல்லை தாண்டி வருவார். ஷெட்டுக்குள் குழி எடுத்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதில் மக்காச்சோளம் வளர்ப்பார். அதன் வேரில்தான் பூஞ்சை பெருகும். இரண்டு மாதம் கழித்து தண்ணீரை நிறுத்தி, வேரைப் பொடியாக நறுக்கி, வளர்த்த மண்ணோடு கலந்து மூட்டை போடுவார்.

ஒரு சித்திரை மாதம் டிரைவர் லீவில் போய்விட, நாற்பது மூட்டைகள் பூட்டிய வேனுக்குள் வெயிலில் மூன்று நாள் வெந்தன. முதலாளி, "வெளியில பாத்தா ஒரு வித்தியாசமும் இல்லையே, அனுப்பிடுங்க" என்றார். நாகராஜ் மாட்டேன் என்றார். அந்தப் பொடியில் மக்காச்சோளம் விதைத்து, முளைத்து வந்த வேரை நீலச் சாயத்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் முதலாளி தினமும் ஷெட்டுக்கு வந்து சத்தம் போட்டார். எனக்கு ஆர்டர் கொடுத்தவர்களெல்லாம் போனில் திட்டினார்கள். கடைசியில் ஒரு காலையில் நாகராஜ் என்னைக் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னார். உயிர் இருந்தால் வேருக்குள் நீலப் புள்ளிகள் தெரிய வேண்டும். ஐந்து வேரில் ஒன்றுமில்லை. ஆறாவதில் நாலைந்து புள்ளி. நல்ல மூட்டைகளோடு கலந்து அனுப்பிவிடலாம் என்று முதலாளி வாயெடுக்கும் முன்னாலேயே நாகராஜ் நாற்பது மூட்டையையும் அறுத்து எருக்குழியில் கொட்டிவிட்டார். வேலை போய்விடுமே என்று நான்தான் பயந்து கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மனுசன் செத்தா வீட்டுக்காரங்களுக்குத் தெரியும் எஸ்தர், இது செத்தா நமக்கு மட்டும்தான் தெரியும், அதுக்குத்தான் பாக்கணும்."

எந்தப் பாதி?

சூளகிரியைத் தாண்டி ஒரு ஊர். அங்கே வெங்கடப்பாவும் அவர் மனைவி முனிரத்னாவும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெங்கடப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். மாடு, வயல் எல்லாம் முனிரத்னாவின் பொறுப்பு. மூன்று கறவை மாடுகள். பச்சைத் தீவனம் கிடையாது. கோஸ் அறுவடை நடக்கிற தோட்டங்களுக்குப் போய், கழித்துப் போடுகிற வெளி இலைகளைக் கோணியில் அடைத்துத் தலையில் சுமந்து வருவார். அவர்களுக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தது. ஆனால் பாகம் பிரிப்பதற்கு முன்னாலேயே வெங்கடப்பாவின் அண்ணன், ஏதோ ஒரு கம்பெனி கட்டுகிற இடத்தை மேடாக்க அதன் மேல்மண்ணை டிப்பரில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது செங்கல் நிறத்து முரம்பும் சரளைக்கல்லும். போர்வெல்லும் வற்றிவிட்டது.

தீவனச்சோளம் போடுங்கள், பாதி நிலத்துக்கு மட்டும் என் பொடியைப் போட்டு, மீதிப் பாதியை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். இரண்டு மூட்டை இலவசம். முனிரத்னா யோசித்துவிட்டு, "அப்போ அந்த மேட்டுப் பாதியை விட்டுடு, அது எப்படியும் வெளங்காது" என்றார். எனக்கும் அது வசதிதான். மேட்டில் பயிர் நிச்சயம் குட்டையாகத்தான் வரும், என் பாதி தானாக ஜெயித்துவிடும். ஒரு நிமிஷம் தலையாட்டவும் செய்தேன். பிறகு நாகராஜின் எருக்குழி ஞாபகம் வந்து தொலைத்தது. வேண்டாம், மேட்டிலும் பள்ளத்திலும் சமமாக வருகிற மாதிரி நீளவாக்கில் பிரிப்போம் என்று சொல்லி, கயிறு கட்டிக் கல் நட்டேன். முனிரத்னா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஜெயிக்கறதுக்கு இருந்த ஒரு வழியையும் நீயே அடைச்சுட்டியே, நீ விக்க வந்தவதானா?"

சிவப்புக் கை

ஆனி மாதம், முதல் மழை பெய்து நிலம் நனைந்திருந்தது. நான் போனபோது விதைப்பு தொடங்கிவிட்டது. வெங்கடப்பா ஷிப்ட் முடிந்து யூனிபார்ம் பேன்ட்டை மடித்துவிட்டபடியே வாடகைக்கு ஏர்மாடு பிடித்துச் சால் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் முனிரத்னா பொடியைத் தூவி, அதன் மேல் விதையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கையைக் காட்டச் சொன்னேன். விரலெல்லாம் ரோஸ் நிறம்.

விதை நேர்த்தி செய்த விதை. பூஞ்சை நோய் வராமல் இருக்க மருந்து பூசியது. அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் பொடியையும் அது கொல்லலாம். விதை வாங்கும்போது பூசாத விதையா என்று பார்க்கச் சொல்ல நான்தான் மறந்திருந்தேன். கிழக்கே அடுத்த மழை கருத்துக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொன்னேன். வெங்கடப்பா சாலிலேயே நின்றுவிட்டார். மதியம் தூங்கி எழுந்து அடுத்த ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவர். இரண்டு சால் மட்டும்தான் போட்டிருந்தார்கள், அதை விட்டுவிட்டு மற்றதற்கு வேறு விதை கொண்டு வருகிறேன் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. முனிரத்னா மட்டும் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மழைக்கு முன்னாடி வருவியா, அப்புறம் வருவியா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

இருபதும் முப்பதும்

மழைக்கு முன்னால்தான் வந்தேன், ஐந்து நிமிஷம் முன்னால். பூசாத விதை மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. சூளகிரி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இருபதாம் நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி. ஒரே குட்டை, ஒரே வெளிறல், இலை ஓரமெல்லாம் ஊதா பாய்ந்து. வாரம் ஒரு முறை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்து எனக்குக் கண் வலித்தது. முப்பதாம் நாள் ஒரு வளைவில் ஸ்கூட்டரைத் திருப்பும்போதே தெரிந்தது. பொடி போட்ட பாதி முழங்காலுக்கு மேலே, கரும்பச்சையாக நின்றது. மற்றப் பாதி கணுக்காலைத் தாண்டித் தயங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வெங்கடப்பா வரப்பில் குந்தியிருந்தார். விதைப்பன்று பெய்த மழைக்குப் பிறகு இரண்டே இரண்டு தூறல். ஆடிக் காற்று மட்டும் விடாமல் அடித்தது.

"வித்தியாசம் நல்லாத் தெரியுது மேடம், மழைதான் தெரியல."

விழுந்த மாடு

நாற்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற நேரம், அந்த இரைச்சலில் வெங்கடப்பாவின் குரல் முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது. "மாடு விழுந்துடுச்சு. உங்க சோளம் தின்னுதான்." நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் கூட்டம். ஒரு மாடு வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. இன்னொன்று கால்களை உதைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாவதைத் தூரத்தில் ஒரு புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். நான் ஸ்டாண்டு போடுவதற்குள் ஒருவர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார். வெங்கடப்பாவின் அண்ணன் அவர். மண்ணை டிப்பரில் ஏற்றியவர். "மாடு எழுந்தா சாவி. எழலைன்னா நீ இங்கதான்" என்றார். நான் முதலாளிக்கு போன் போட்டேன். "எதையும் ஒத்துக்காதே, எதுலயும் கையெழுத்துப் போடாதே, கிளம்பி வந்துடு" என்றார். சாவி இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சாவி இருந்திருந்தால் கிளம்பியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாட்டு டாக்டர் வேறொரு ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. பைக்கிலிருந்து இறங்கியதும் யாரையும் விசாரிக்காமல் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "என்ன தின்னுச்சு?" "சோளம்." "எத்தனை நாள் பயிர்?" "நாப்பது." "பூ வந்துச்சா?" "இல்ல." கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முனிரத்னா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அதன் நெற்றியை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் உரிமை இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து உதைப்பு நின்றது. மூச்சு நிதானமானது. மாடு முன்னங்காலை மடக்கி, ஒரு முறை சரிந்து, மறுபடி ஊன்றி எழுந்தது. அண்ணன் சாவியை என் கையில் கொடுக்காமல் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். ஊசியைக் கழற்றிக்கொண்டே டாக்டர் பொதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொடியெல்லாம் இல்ல, தண்ணியில்லாம வாடின இளஞ்சோளத்துல விஷம் இருக்கும், பூக்கற வரைக்கும் வெட்டக் கூடாது, இதை இவங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

வெட்டிய கட்டைகள்

கூட்டம் கலைந்ததும் வயலுக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று மனசு அரித்தது. வெட்டிய கட்டைகள் எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம், பொடி போடாத பாதியில். என் பாதியில் ஒரு சோளத் தட்டைகூட வெட்டப்படவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மாடு செத்துக் கிடக்கிற வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் நிம்மதிப்பட்டேன்.

பின்னால் முனிரத்னா வந்து நின்றார். "அக்கா, வெட்டினது பொடி போடாத பாதி" என்றேன். "தெரியும்" என்றார். "நல்லா வர்றது வளரட்டும், வாடிப் போறதை வீணாக்காம வெட்டிப் போடலாம்னு நான்தான் வெட்டினேன். கோஸ் இலையும் கிடைக்கல." பிறகு அவர், "உன் பொடி மேல தப்பில்ல, சரி. டாக்டர் சொன்னது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். டிப்ளமா முதல் வருஷப் பாடம். நாங்கள் கொடுக்கும் நோட்டீஸின் பின்பக்கத்தில் கடைசி வரியாகவும் இருக்கிறது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆறு வாரமாக அந்த வரப்பில் நின்று என் பொடியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"காகிதத்துல எழுதி வெச்சா மாட்டுக்கு எப்படித் தெரியும், தெலுங்குல சொல்லியிருந்தாலும் எனக்குப் புரியும், தமிழ்ல சொல்லியிருந்தாலும் புரியும், நீ வாயால சொல்லியிருக்கணும்."

பால் சொசைட்டிக் கூட்டம்

புரட்டாசியில் மழை இறங்கியது. பொடி போட்ட பாதி தலைக்கு மேலே வளர்ந்து பூத்து நின்றது. மற்றப் பாதியில் வெட்டாமல் மிஞ்சியது இடுப்பளவில் நின்றது. பூத்த பிறகு வெட்டிப் போட்டார்கள், மாடுகள் தின்றன, ஒன்றும் ஆகவில்லை. முதல் நாள் அவை தின்று முடிக்கிற வரைக்கும் நானும் தொழுவத்துக்கு வெளியே நின்றிருந்தேன். முதலாளி ஆளை அனுப்பி இரண்டு பாதியையும் போட்டோ எடுத்து போஸ்டர் அடித்தார். அந்த ஊர்ப் பால் சொசைட்டியிலேயே கூட்டம் ஏற்பாடு செய்து, என்னைப் பேசச் சொன்னார். மேடையேறும் முன்னால் காதில், "மாட்டு விஷயத்தை மட்டும் எடுக்காதே" என்றார். மூன்றாவது வரிசையில் முனிரத்னா உட்கார்ந்திருந்தார். "முதல்ல ஒரு மாடு செத்ததைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். பொடி கொல்லவில்லை, நான் சொல்லாமல் விட்டதுதான் கொன்றது என்றேன். தமிழில் சொன்னதையே எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் சொன்னேன். ஒரு பூத்த கதிரைத் தூக்கிக் காட்டி, இது வருவதற்கு முன்னால் யாரும் அரிவாளை எடுக்காதீர்கள் என்றேன். பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். முதலாளி போஸ்டரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கேள்வி கேட்கச் சொன்னபோது யாரும் பொடியைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாம் மாட்டைப் பற்றிய கேள்விகள். காயவைத்துப் போட்டால் விஷம் போகுமா, வெட்டிய கட்டையில் மறுபடி தழைக்கிற மறுதாம்பை வெட்டலாமா என்று. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கடைசியாக முனிரத்னா எழுந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. செத்த மாட்டுக்கு நஷ்டஈடு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"மீதிப் பாதிக்கும் பொடி வேணும், ஆனா விதைக்கிற அன்னைக்கு வந்து கயிறு கட்டிட்டுப் போறதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதே, வெட்டுற அன்னைக்கும் நீ வந்து நிக்கணும்."

இப்போது என் டைரியில் பொடி விற்ற தேதிகளைவிட ஊரார் தீவனம் வெட்டுகிற தேதிகள்தான் அதிகம், அது விற்பனையில் சேராது என்று முதலாளி சொல்கிறார், மாடுகளிடமிருந்து மட்டும் இதுவரை புகார் எதுவும் வரவில்லை.